மூணு ரோட்டுக் கோழி

கொத்திக்க. நல்லாக் கொத்திக்க. இந்தக் கையில புதுசாக் கொத்தறதுக்கு இனி எடமில்ல, கொத்துன எடத்துலயே கொத்திக்க. வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன், வலிக்குது, அதுக்காக உட்டுருவேன்னு மட்டும் நெனைச்சுக்காத. எடது கக்கத்துல கோழி, வலது கைல குடம், முன்னால பைப்பு. எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற நல்ல தண்ணி, ஆறு வீட்டு லைனுக்கும் இந்த ஒத்தப் பைப்புத்தான், மொறைக்கு வீட்டுக்கு ஒரு குடம், ஞாயித்துக்கெழம வெடியால தொறந்து உட்டா ஒண்ணரை மணி நேரம் ஓடும், அப்பறம் கொர்ருன்னு காத்து வந்து நின்னு போகும். இன்னைக்கு எனக்குக் குடுத்திருக்கற கெடுவும் அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா சரசக்கா மாடிப்படியில பாதி எறங்கி நின்னுக்கிட்டு, லைன்ல இருக்கற அத்தனை பேருக்கும் கேக்கறாப்புலச் சொல்லிட்டுப் போச்சு. தண்ணி நிக்கறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிப் போடோணுமாம். கோழியத் தொரத்தித் தாட்டி உட்டா நான் இருக்கலாமாம், கோழிதான் பெருசுன்னா வீட்டக் காலி பண்ணிக்கோணுமாம். கோழியா வீடான்னு யோசிக்க ஒண்ணரை மணி நேரம், அதுவும் தண்ணி புடிச்சுக்கிட்டே. பதினாலு வருசமா இருக்கற வீடு. சமையக்கட்டுல நின்னு கைய நீட்டுனா வாசப்படி தட்டும், அதனால என்ன, என் வீடு. இந்தத் திருப்பூர்ல தனிப் பொம்பளைக்கு எவன் வீடு குடுக்கறான்? வீட்டுக்காரர் எங்கீங்க வேலை பாக்கறாருன்னு மொதக் கேள்வியே அதுதான். இல்லைன்னு சொன்னா, சொல்லி அனுப்பறமுங்கன்னு கதவச் சாத்திக்குவாங்க. அப்படிச் சாத்துன கதவு இருபத்திமூணுக்கப்பறம் தொறந்த கதவு சரசக்கா கதவு, அதையும் நான் மறக்கல. நீ வந்து இரு அம்மிணின்னு சொன்ன வாய் அது. இன்னைக்கு அதே வாய்தான் காலி பண்ணுங்குது. எனக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கற அளவுக்கு எடம் உட்டுத்தான் அடுத்த வீட்டுக் குடம் நிக்குது. பாலுச்சாமி பொண்டாட்டி முந்தானைய மூக்குல வெச்சுக்கிட்டு என்னைய வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறா. பாரு, நல்லாப் பாரு. பாக்கறதுக்கு நான் காசா கேக்கப் போறேன்.

இது என்ன சாதிக் கோழின்னு ஒருத்தருக்கும் தெரியல. பாலுச்சாமி கறிக்கடைல இருபது வருசமா இருக்கறவன், கோழியத் தூக்குனாலே எடை சொல்லுவான், அவனே இதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, நாட்டுக்கோழி மாதிரி இருக்குது, ஆனா ஒடம்பு பண்ணைக்கோழி ஒடம்பு, கண்ணு மட்டும் சண்டைக்கு உடற கட்டுச் சேவல் கண்ணுங்க்கா, எனக்குப் புடிபடலைன்னுட்டான். புடிபடலைன்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள அவன் கட்டவெரல் நகத்தப் பேத்து உட்டுருச்சு. கழுத்துல ஒரு முடி கெடையாது, உரிச்சாப்புல செவப்பு. கால்ல மட்டும் வெரல் முட்ட எறகு, சாக்ஸு போட்டாப்புல. ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் பழுத்த மொளகாய்க் கலரு, நடுவுல எங்கயோ பச்சை அடிக்குது. சாதி என்னவா இருந்தா என்ன, குணத்தச் சொல்லுங்க. அரிசி போட்டாத் திங்காது, காராபூந்தி போட்டாத் திங்குது. குக்கர் விசில் அடிச்சா அதுவும் கூடச் சேந்து கத்துது. கொடாப்புக் கூடை வாங்கியாந்து கவுத்தா ஒரு மணி நேரத்துல கூடையோட நடந்து போயி கக்கூசு வாசல்ல உக்காந்துக்குது. உக்காந்தா ஒருத்தரையும் உள்ள உடாது. ஆறு வீட்டு ஆளுங்களும் வெடியால அவசரத்துக்கு நிக்க, இது தலைய ஒருக்களிச்சு ஒவ்வொருத்தரா மொறைக்குது. தப்புத்தான். நான் இல்லைன்னு சொல்லலையே. அதுக்காக அத்தனை பேரும் கோவிச்சாங்கன்னா அது ஞாயமான கோவம், நான் தலைய ஆட்டிக் கேட்டுக்குவேன். ஆனா இவங்க கோவம் அது இல்ல. இவங்களுக்கு பயம். மூணாவது குடம் நெறைஞ்சிருச்சு, நாலாவது வெக்கோணும். கோழி நெஞ்சு என் வெலாவுல அடிக்குது, இத்தனை வேகமா, இத்தனை சூடா, காய்ச்சல்காரப் புள்ளையத் தூக்கி வெச்சாப்புல. காய்ச்சல்னு ஏன் நெனச்சேன். அத நெனைக்க வேண்டாம். குடத்தப் பாரு.

புதங்கெழமை கம்பெனி உட்டு வர்றேன், பொழுது இன்னும் எறங்கல. மூணு ரோடு ஒண்ணு சேர்ற எடத்துல, பஞ்சர் கடைக்குப் பக்கத்துல நிக்குது. தலையில மஞ்சத் தண்ணி, அது மேல குங்குமம், கால்ல ஒரு துணி. பாத்தவொடனே ஆருக்கும் தெரியும், கழிப்புக் கழிச்சு உட்ட கோழி. சீக்கோ, கண்ணேறோ, ஆளச் சுத்தி மூணு சுத்துச் சுத்தி, மூணு ரோட்டுல உசுரோட உட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவாங்க. அதத் தொடக்கூடாது, தாண்டக்கூடாது. ஆரு எடுத்துட்டுப் போறாங்களோ அவங்க வீட்டுக்கு அந்தக் கழிசல் போயிரும். கறிக்கு நாக்கத் தொங்கப் போடறவன்கூட அதத் தொடல, மொத நா பொழுதோட இருந்து அங்கயே நின்னுருக்குது. நானும் ஒதுங்கித்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒதுங்கி நாலு எட்டு வெக்கல, ஓடியாந்து என் சோத்துப் போசிப் பைய ஒரு கொத்து, குதிகால ஒரு கொத்து. திரும்பி மொறைச்சேன். அதுவும் மொறைச்சுச்சு. கைய ஓங்குனேன், ஒரு எட்டுகூடப் பின்னால போகல. அப்படியே கொத்திக்கிட்டும் பேசிக்கிட்டும் வீடு மட்டும் வந்தோம். வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள உடுன்னு கெஞ்சல, தள்ளி நில்லுங்கறாப்புல நின்னுச்சு. தள்ளி நின்னேன். அவ்வளவுதான் நடந்தது. இதுல ஊர் என்ன பேசுதுன்னா, புருசன் தாட்டி உட்டவ, ரோட்டுல தாட்டி உட்ட கோழியப் பாத்ததும் மனசு எளகிப் போச்சாம். எளகவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுக்கும் எனக்கும் ஒப்புச் சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வராதீங்க. என்னைய ஆரும் மஞ்சத் தண்ணி ஊத்தித் தாட்டி உடல, காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து பஸ் ஏத்தித்தான் உட்டாங்க, சன்னலோரம் சீட்டு. எனக்குப் புடிச்சது அது கொத்துன கொத்து. கழிச்சு உட்டா மூலையில சுருண்டு கெடக்கோணும்னு அதுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல பாருங்க, அது எனக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு.

அந்தத் துணி. அன்னைக்கே அடுப்பு மேடைல அமுக்கிப் புடிச்சு, கால்ல கட்டியிருந்த துணியக் கத்திரில வெட்டி எடுத்தேன். மஞ்சளும் அழுக்குமா நாறுது, பைப்புல கசக்குனேன், கசக்கக் கசக்க மீனு வருது. ஆரஞ்சுக் கலருல சின்னச் சின்ன மீனு. ஒவ்வொரு மீனோட கண்ணும் மீனுக்கு வெளிய, நூலளவு தள்ளி நிக்குது. எனக்குக் கை நின்னு போச்சு. அந்த மீன ரிஜெக்ட் பண்ணுனதே நான்தான். பதினெட்டு வருசமா செக்கிங் மேசை, ட்யூப் லைட்டுக்குக் கீழ நாளைக்கு ஆயிரம் பீஸு, ஓட்டை, கறை, நூல் உட்டது, பிரிண்ட் நவுந்தது, ஒண்ணு என் கண்ணுக்குத் தப்பாது. என் கண்ணு பட்டா பீஸு போச்சும்பாங்க கம்பெனில, சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாங்க, சூப்பர்வைசர் அந்தக் கண்ணுக்குத்தான் என்னைய வெச்சிருக்காரு. குழந்தைச் சட்டைத் துணி, பூ மாதிரி இருக்கும், மீனுக் கண்ணு நவுந்தா குழந்தைக்கு என்ன தெரியப் போகுதுன்னு அதுல ஆறு துண்டு கேட்டு வாங்கியாந்தேன், போன மாசம். நானே ஓரம் அடிச்சேன், முனையில மூணு தையல் திருப்பிப் போட்டுக் கட்டறது என் கைப்பழக்கம். கோழிக் கால்ல இருந்த துணியில அந்த மூணு தையல் இருந்துச்சு. அந்த ஆறு துண்டையும் நான் குடுத்தது சௌமியாவுக்கு. சரசக்கா மருமக. மொதக் குழந்தை அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சு, இப்ப மறுபடி அஞ்சு நடக்குது. ஆகக்கூடி மாடி வீட்டுலதான் கழிப்பு நடந்திருக்குது, சௌமியாவத்தான் நிக்க வெச்சுச் சுத்தியிருக்காங்க. ஆரு கண்ணு பட்டுச்சோ அவ கை பட்ட துணியக் கோழிக் கால்ல கட்டுன்னு மந்திரிக்கறவன் சொல்லியிருப்பான். ஆரு கண்ணு? என் கண்ணு. இந்தக் கோழி மேல ஏத்தி மூணு ரோட்டுல எறக்கி உட்டது என்னைய. அது ஊரெல்லாம் உட்டுப் போட்டு நேரா எங்கிட்டயே வந்து நிக்குது. எனக்கு அன்னைக்கு சிரிப்பு வந்துச்சு, சத்தியமா வந்துச்சு, கோழியப் புடிச்சுக்கிட்டு உக்காந்து சிரிச்சேன். அதனாலதான் சரசக்கா இத்தனை துடிக்குது. கழிச்சு உட்டது காலு மொளச்சு அதே வாசலுக்கு வந்திருச்சேன்னு துடிக்குது, நாங்கதான் உட்டோம்னு வெளிய சொல்லவும் முடியல. சொல்லட்டுமே. தண்ணி நின்னதும் நான் சொல்றேன். ஆறு வீடும் கேக்க, இந்தத் துணிய எடுத்து விரிச்சுக் காட்டி, பதினாலு வருசம் உங்க வீட்டுக்கு மூத்தவளாட்டம் ஒழைச்சதுக்கு இதுதானுங்களான்னு நாக்கப் புடுங்கறாப்புலக் கேக்கறேன்.

அஞ்சாவது குடம். தண்ணி மெலிஞ்சிருச்சு, வெரல் தண்டி ஓடுனது இப்ப நூலு. சரசக்கா கைக்கு அந்தத் துணி எப்படிப் போச்சு? உடு, எப்படியோ போயிருக்கும். சௌமியா நான் வேலைக்குப் போகாத ஞாயித்துக்கெழம மத்தியானம் மாமியாக்காரி தூங்குனப்பறம் எறங்கி வரும். அரிசியும் பருப்புஞ் சோறு வேணும்ங்க்கான்னு கேக்கும், நெய் ஊத்திக் குடுப்பேன், தட்ட வழிச்சு நக்கீட்டு என் பாயிலயே படுத்துக்கும். வயித்துக்குள்ள மொத மொத அசைஞ்ச அன்னைக்கு என் கையப் புடிச்சு வெச்சுப் பாக்கச் சொல்லுச்சு. நான் கைய இழுத்துக்கிட்டேன். ஏங்க்கான்னுச்சு. கை சில்லுன்னு இருக்குது கண்ணுன்னு பொய் சொன்னேன். என்னத்தச் சொல்ல. என் கொழுந்தனார் குழந்தைய ஒரு நா வாங்கி மடில போட்டேன், ஏழு மாசக் குழந்தை, என் மூக்குத்தியப் புடிச்சு இழுத்துச்சு, அழகாயிருக்குதுன்னு வாய் உட்டுச் சொன்னேன், அன்னைக்குப் பொழுதோட அதுக்குக் காய்ச்சல், அடுத்த நா இழுப்பு. பொழைச்சுக்கிச்சு. பொழைச்சுக்கிச்சுங்கறத ஒருத்தரும் கணக்குல எடுத்துக்கல. நான் வாக்கப்பட்டுப் போன ஒம்பதாவது நா மாமனார் செத்தது, இந்தக் குழந்தைக்கு இழுப்பு வந்தது, ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டு பஸ் ஏத்தி உட்டாங்க. இருபத்திநாலு வருசமாச்சு. நான் ஒருநாளும் ஒத்துக்கல. எங்கம்மா செத்தப்ப எங்கண்ணன் அதே பேச்சு எடுத்தான், அன்னைக்கிருந்து அந்த அண்ணன் வாசலையும் மிதிக்கல. கண்ணாவது மண்ணாவது. அப்பறம் எதுக்குடி அந்தப் பொண்ணு வயித்துல கை வெக்காம இழுத்துக்கிட்ட? தெரியல. சில்லுன்னுதான் இருந்துச்சு கை, நெசமாவே. அந்தத் துணி சரசக்காவுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா வாங்க உடாதுன்னுதான் பேப்பர்ல சுத்திக் குடுத்தேன், சௌமியா அத பீரோவுல சேலைக்கு அடியில வெச்சிருக்கறேன்னுச்சு, சாவி எங்கிட்டத்தானுங்க்கான்னு சிரிச்சுச்சு. சரசக்கா பீரோவ ஒடைச்சிருக்கும். இல்லைன்னா தொவைக்கப் போட்டப்ப எடுத்திருக்கும். பொறக்காத குழந்தைத் துணிய எதுக்குத் தொவைக்கப் போடறாங்க. எடுத்திருக்கும், எப்படியோ எடுத்திருக்கும், மாமியாக்காரிங்களுக்கு எத்தன வழி. இந்த நாலு நாளா சௌமியா மாடிச் செவுத்தோரம் வந்து எட்டிக்கூடப் பாக்கல. மாமியாக்காரி கட்டிப் போட்டிருக்கும். கோழி ஏன் சத்தமே இல்லாம இருக்குது? கண்ண மூடி மூடித் தொறக்குது. ஏ, எனக்குப் பயங்காட்டாத. முழிச்சுக்க.

கொர்ருன்னுச்சு. காத்து. ரெண்டு துளி துப்புச்சு, நின்னு போச்சு. ஆறாவது குடம் கழுத்து மட்டும்தான். சரசக்கா அதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தாப்புலப் படியெறங்கி வந்துச்சு, கீழ்ப்படிக்கு மேல் படியிலயே நின்னுக்கிச்சு, என் வாசல் மண்ண மிதிக்கல. முட்டு வலிக்காரி, கைப்புடில சாஞ்சுக்கிச்சு.

"என்ன துளசி. என்ன முடிவு பண்ணுன?"

துணி என் இடுப்புல சொருவியிருக்குது. நாக்கு நுனில அத்தன பேச்சும் வரிசை கட்டி நிக்குது. மொதப் பேச்ச எடுக்கறதுக்கு முன்னால மேல பாத்தேன், சும்மா, சௌமியா நிக்குதான்னு பாத்தேன். மாடிச் செவுத்தோரமா நைட்டி மேல ஒரு துண்டு போட்டு நின்னுச்சு. என் கண்ணு அதுக்கிட்டப் போனதும் அந்தத் துண்ட இழுத்து வயித்த மூடுச்சு. வேணும்னு செய்யல. ரோட்டுல நாயப் பாத்தா பொட்டணத்த மாத்திப் புடிப்போமே, அப்படி. ரெண்டு கையும் வயித்து மேல, முகம் வெளுத்து, ஓடிப் போகவும் முடியாம நின்னுச்சு. பீரோவ ஒருத்தரும் ஒடைக்கல. ஆரு துணி வேணும்னு மந்திரிக்கறவன் கேட்டப்ப, சாவி போட்டுத் தொறந்து எடுத்துக் குடுத்தது இந்தப் பொண்ணு. என் பாயில படுத்த பொண்ணு. எனக்கு ஆத்திரம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல, குடத்த எடுத்துச் செவுத்துல அடிக்கலாம்னு வந்துச்சு. அதுக்கு மேல வந்தது வேற. இந்தப் பொண்ணு நாலு நாளா தூங்கல. கண்ணுக்குக் கீழ கருப்பு, ஒதடு காஞ்சு கெடக்குது. கழிச்சு உட்டது கீழ வீட்டுல உக்காந்திருக்குதுன்னு ராப்பகலா வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. மொதக் குழந்தை கலைஞ்ச அதே அஞ்சாம் மாசம் இது. நான் துணிய விரிச்சு, கண்ணாவது மண்ணாவதுன்னு கத்துனா இந்த பயம் போகுமா? போகாது. இன்னும் அஞ்சு மாசம் இதே மாதிரி செவுத்தோரம் நின்னு நடுங்கும். வீட்டக் காலி பண்ணிட்டுக் கோழியோட போனாலும், எங்க சுத்துதோ எப்ப வருமோன்னு நடுங்கும். நான் சொல்லவே மாட்டேன்னு இருபத்திநாலு வருசமா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்த ஒண்ணச் சொன்னாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். சனியன், அதே வார்த்தைதான் எனக்கு வீடும் குடுக்கும், கோழியவும் குடுக்கும்னு அப்பத்தான் உரைச்சுது.

"சரசக்கா, இதுமேல ஏத்தி உட்டது என் கண்ணுதானுங்க," அப்படின்னேன். சத்தமா, ஆறு வீட்டுக்கும் கேக்கறாப்புல. "ஆமாங்க, என் கண்ணுதான். நீங்க சரியாத்தான் கழிச்சிருக்கீங்க. அது ஆருக்கிட்டப் போயிச் சேரோணுமோ அங்க வந்து சேந்திருச்சு. எங்கிட்ட இருக்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கும். தொரத்தி உட்டா மறுபடி ஊரச் சுத்தும், எந்தப் படி ஏறும்னு எனக்குத் தெரியாது. இனிமேல் கோழியையும் என்னையும் போகச் சொல்றதுன்னா நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க."

பாலுச்சாமி பொண்டாட்டி முந்தானைய உட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டா. இந்தக் கதை பொழுது சாயறதுக்குள்ள கம்பெனி கேட்டு வரைக்கும் போயிரும், இனி இந்த வீதியில ஒருத்தி எங்கிட்டக் குழந்தையக் குடுக்க மாட்டா, நல்லது பொல்லதுக்குக் கூப்பிட மாட்டாங்க, இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால சொன்னத இனி நானே சொன்னேன்னு முகத்துக்கு நேராச் சொல்லுவாங்க. சொல்லிக்கட்டும். சரசக்கா கைப்புடிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, அப்பக் கட்டியே வெச்சுக்க அம்மிணி, வெளிய உட்டுறாதன்னு என் மூஞ்சியப் பாக்காமச் சொல்லுச்சு. சரீங்க்கா, உட மாட்டேன்னேன். காலி பண்ற பேச்ச அது எடுக்கல, நானும் எடுக்கல. ஒவ்வொரு படியா ஏறிப் போச்சு.

மேல பாத்தேன். நல்லா, நிதானமா, செக்கிங் மேசைல பீஸு பாக்கறாப்புலப் பாத்தேன். சௌமியா கை வயித்த உட்டு எறங்கியிருந்துச்சு. காய்ச்சல் உட்டாப்புல முகத்துல ஒரு தெளிச்சி. நாலு நாளைக்கப்பறம் அந்த முகத்துல ரத்தம் ஓடறதப் பாத்தேன், எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு, அதுதான் கேவலம், சந்தோசமாத்தான் இருந்துச்சு. செவுத்துல சாஞ்சு குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்கறாப்புல மெல்லச் சொல்லுச்சு.

"ரொம்ப நன்றிங்க்கா."

எதுக்குன்னு நான் கேக்கல. அதோட கண்ண நேராப் பாத்துத் தலைய ஆட்டுனேன். அந்தப் பொண்ணுதான் மொதல்ல குனிஞ்சுக்கிச்சு.